திண்டுக்கல்லின் உப்புக் கிணறுகள்

திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஊராட்சி ஒன்றியங்களில் 13 கிராமங்களை எடுத்துக்கொண்டு ஒரு தொண்டு நிறுவனம் கிணறு கிணறாகப் போய்ப் பார்த்தது. குடிக்கவும் வெள்ளாமைக்கும் பயன்பட்டுவந்த கிணறுகள் மொத்தம் 467. அவற்றில் 350 கெட்டுப்போயிருந்தன. இந்தக் கணக்கு 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பில் இடம்பெற்றது. தோல் ஆலைகளின் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த வழக்கு அது. இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற எவரும் அந்தத் தீர்ப்பைப் படிக்காமல் இருக்க முடியாது. பெயரில் வேலூர் இருப்பதால் வேலூர்ப் பக்கத்துப் பாலாற்றின் கதையாகவே அது நினைவில் தங்கிவிட்டது. திண்டுக்கல் வட்டாரத்தின் குடகனாற்றுப் படுகைக் கிணறுகளுக்கும் அதில் பங்கு உண்டு என்பதைப் பலரும் மறந்துவிட்டார்கள்.

நான்கு கிணற்றில் மூன்று கெட்டுப்போனால் அதை மழை பொய்த்ததன் மேலோ பூமியின் வாகின் மேலோ போட்டுவிட்டுப் போக முடியாது. எதனால் கெட்டது என்று வேதியியல் சொல்லும். ஏன் இந்த ஊர்க் கிணறுகள், ஏன் அந்த ஆண்டுகளில், ஏன் இன்னார் தோட்டத்தில் என்று கேட்டால் வேதியியல் பாதி வழியில் நின்றுவிடும். மீதி வழியை நடப்பதற்காக உருவான துறைதான் அரசியல் சூழலியல். பியர்ஸ் பிளெய்கி என்ற பிரிட்டிஷ் புவியியலாளர் 1985-இல் மண்ணரிப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மலைச்சரிவில் உழுது மண்ணைக் கரைய விடுகிறவரை விவரம் கெட்டவர் என்று சொல்லிவிடுவது எளிது. அவர் ஏன் சரிவுக்குத் தள்ளப்பட்டார், சமவெளி நிலம் யார் கையில் இருக்கிறது, வரியும் சந்தையும் அரசும் அவரை எங்கே நிறுத்தின என்று கேட்க வேண்டும் என்றார் அவர். அதே கேள்வியைத் திண்டுக்கல்லின் கிணற்று மேட்டில் நின்று கேட்பதுதான் இந்த அத்தியாயம்.

சுரங்கம் என்றால் பூமியைத் தோண்டி எதையோ எடுத்துப்போவது என்று எல்லாருக்கும் தெரியும். குழி கண்ணுக்குத் தெரியும், லாரி தெரியும். தோல் பதனிடும் ஆலையும் ஒரு வளத்தை எடுத்துத்தான் ஓடுகிறது. அந்த வளம் தண்ணீர். அதை இரண்டு முறை எடுக்கிறது: முதலில் இறைத்து எடுக்கிறது, பிறகு கழிவை விட்டு, நிலத்துக்கடியில் மிச்சம் இருப்பதையும் அடுத்தவருக்கு உதவாமல் செய்து எடுக்கிறது. இரண்டாவது எடுப்புக்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பற்று எழுதப்படுவதில்லை. திண்டுக்கல்லில் நடந்ததன் சாரம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

தோலிலிருந்து கிணற்றுக்கு

உரித்த தோல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். அதைத் தடுக்க, உரித்த கையோடு உப்பைத் தேய்ப்பார்கள். பச்சைத் தோலின் எடையில் 30 முதல் 40 விழுக்காடு வரை உப்பு போகும். உப்பு தோலிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடுவதால் நுண்ணுயிர்கள் பெருக வழியில்லை. இப்படி உப்பு போட்டு மடித்த தோல் சந்தை சந்தையாக மாறி, தோல் மண்டிக்கு வந்து, அங்கிருந்து ஆலைக்கு வருகிறது. ஆலையில் முதல் வேலை அந்த உப்பையெல்லாம் கழுவி வெளியேற்றுவது. ஊறவைக்கும் தொட்டியிலிருந்து முதலில் இறங்கும் தண்ணீரில் உப்பு, ரத்தம், சாணி, மண் எல்லாம் கலந்திருக்கும். ஒரு நாளின் மொத்தக் கழிவுநீரிலுள்ள உப்பில் பெரும்பங்கு இந்த முதல் தண்ணீரில்தான் இருக்கிறது.

அடுத்தது சுண்ணாம்புத் தொட்டி. சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்த்தால் மயிர் கழன்று வரும். ஊருக்குள் நுழையும்போதே மூக்கில் ஏறுகிற அழுகிய முட்டை வாடை இங்கே பிறக்கிறது. அது ஹைட்ரஜன் சல்பைடு. பிறகு சதையை வழிக்கிறார்கள், சுண்ணாம்பைப் போக்குகிறார்கள், கந்தக அமிலத்திலும் மறுபடி உப்பிலும் ஊறவைக்கிறார்கள். அதற்கப்புறம்தான் பதனிடுவதே தொடங்குகிறது. ஓர் ஆள் உயரத்தைத் தாண்டிய மர உருளைக்குள் தோலைப் போட்டு, குரோமியம் சல்பேட்டுக் கரைசலை ஊற்றிச் சுழற்றுவார்கள். தோலின் நார்களாகிய கொலாஜன் புரதத்தின் இழைகளுக்கிடையே குரோமியம் புகுந்து ஒன்றோடொன்றைக் கட்டிப்போடும். வெளுத்துப்போய் உருளைக்குள் நுழைந்த தோல், நீல நிறத்தில் ஈரம் சொட்ட வெளியே வரும். இனி அது அழுகாது. கொதிநீரையும் தாங்கும். போட்ட குரோமியத்தில் சுமார் 60 முதல் 70 விழுக்காட்டைத்தான் தோல் பிடித்துக்கொள்கிறது. மீதி, தனியாக மீட்டெடுக்காவிட்டால், வாய்க்காலுக்குப் போகிறது.

ஒரு டன் பச்சைத் தோலிலிருந்து கடைசியில் சுமார் 200 கிலோ தோல்தான் கிடைக்கும். ஒரு கிலோ தோலுக்கு ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், குரோமியப் பதனிடலில் சுமார் 170 வகை வேதிப்பொருள்கள் புழங்குகின்றன என்றும் 1996 தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. மழைமறைவில் கிடக்கிற, கிணற்றுப் பாசனத்தை நம்புகிற ஒரு வட்டாரத்தில் இந்தக் கணக்கு என்ன ஆகும் என்று தனியாக விளக்கத் தேவையில்லை.

குரோமியம் என்றதும் எல்லாரும் பயப்படுகிறோம். பயம் நியாயமானது, குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆனால் ஆலைகள் பயன்படுத்துவது மூவிணைதிறக் குரோமியம். காரத்தன்மை உள்ள மண்ணில் அது கரையாத வண்டலாகப் படிந்து, வெளியேறிய இடத்துக்குப் பக்கத்திலேயே பெரும்பாலும் தங்கிவிடும். மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தால் அதில் ஒரு பகுதி அறுவிணைதிறக் குரோமியமாக மாறக்கூடும். புற்றுநோயை உண்டாக்குவது அந்த வடிவம்தான். நீரில் எளிதாகக் கரைந்து நகர்வதும் அதுதான். எனவே கண்காணிப்பை விடவே கூடாது. ஆனாலும் 350 கிணறுகளைக் கெடுத்த முதல் குற்றவாளியைத் தேடினால், நம் சமையலறையிலேயே இருக்கிற சோடியம் குளோரைடிடம்தான் போய் நிற்போம்.

உப்பின் குளோரைடு எதனோடும் ஒட்டாது. களிமண் அதைப் பிடித்து வைக்காது, நுண்ணுயிர் அதைத் தின்னாது, வெயில் அதைச் சிதைக்காது. தண்ணீர் போகும் இடமெல்லாம் கூடவே போகும். அதனால்தான் நிலத்தடி நீர் ஆய்வாளர்கள் மாசு எங்கிருந்து எங்கே போயிற்று என்று துப்பறிய குளோரைடையே பின்தொடர்கிறார்கள். கல்லூரி ஆய்வகத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். கிணற்றுத் தண்ணீரைக் கூம்புக் குடுவையில் எடுத்து, பொட்டாசியம் குரோமேட்டு சில சொட்டு விட்டால் மஞ்சளாகும். பியூரெட்டிலிருந்து வெள்ளி நைட்ரேட்டை ஒவ்வொரு சொட்டாக இறக்க வேண்டும். விழுந்த இடத்தில் பால்போல வெள்ளி குளோரைடு திரளும். குளோரைடு முழுவதும் தீர்ந்த அடுத்த சொட்டில் மஞ்சள் மறைந்து செங்கல் நிறம் நிலைத்துவிடும். நல்ல தண்ணீர் சில மில்லி லிட்டரிலேயே நிறம் மாறும். உப்பேறிய கிணற்றுத் தண்ணீருக்கு பியூரெட் காலியாகி, மறுபடி நிரப்ப வேண்டிவரும். அல்லது தண்ணீரைப் பத்து மடங்கு நீர்க்க வைத்துத் தொடங்க வேண்டியிருக்கும்.

சோடியம் வேறு விதமாகக் கெடுதல் செய்கிறது. களிமண் துகள்களைக் கொத்துக்கொத்தாகச் சேர்த்து வைத்திருப்பது கால்சியம். தொடர்ந்து உப்புத் தண்ணீர் பாய்ச்சினால் சோடியம் அந்த இடத்தைப் பிடுங்கிக்கொள்ளும். கொத்துகள் கலைந்து மாவாகி, மண்ணின் துளைகளை அடைத்துவிடும். மேலே ஓடு கட்டும். தண்ணீர் இறங்காது, காற்று புகாது, விதை முளைத்தாலும் ஓட்டைக் கீறிக்கொண்டு வர முடியாது. வாய்க்கால் ஓரத்தில் வெயில் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து நிற்பதை விரலால் வழித்து நாக்கில் வைத்தால் கரிக்கும். அந்த மண்ணில் ஈரம் இருக்கும்போதே பயிர் வாடும். வேருக்குள் உள்ளதைவிட வெளியே உப்புச் செறிவு கூடினால், வேரால் தண்ணீரை உள்ளே இழுக்க முடியாது. தண்ணீரில் நின்றுகொண்டே தாகத்தில் சாகிற பயிர் அது.

மரப்பட்டையிலிருந்து குரோமியத்துக்கு

திண்டுக்கல்லுக்குத் தோல் தொழில் நேற்று வந்ததில்லை. பேகம்பூர் பக்கத்து முஸ்லிம் வணிகக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நடத்திவந்த தொழில் அது. அன்றைய பதனிடும் பொருள் ஆவாரம்பட்டையும் கடுக்காயும். தரிசிலும் மேட்டாங்காட்டிலும் தானாக முளைக்கும் ஆவாரஞ்செடியின் பட்டையை உரித்து, இடித்து, ஊறவைத்து அந்தச் சாற்றில் தோலை வாரக்கணக்கில் கிடத்துவார்கள். இப்படிப் பதனிட்ட தென்னிந்தியத் தோலுக்கு லண்டன் சந்தையில் தனிப் பெயரே இருந்தது. முதல் உலகப் போரின்போது ராணுவ பூட்ஸ்களுக்காக பிரிட்டிஷ் போர்த்துறை அதை மொத்தமாக வாங்கியது. அப்போதும் சுண்ணாம்பும் உப்பும் வாடையும் உண்டு. பட்டைச் சாறு ஓடையைக் கருக்கவும் செய்யும். ஆனால் அளவு சிறியது, வேகமும் குறைவு.

மரப்பட்டையின் தேவை சமவெளியோடு நிற்கவில்லை. பழனி மலையின் உச்சிப் புல்வெளிகளில், 20-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து, வனத்துறை பெரிய அளவில் சீகை எனப்படும் வாட்டில் மரங்களை நட்டது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த அந்த மரத்தின் பட்டையில் டானின் மிகுதி. தோல் பதனிட உதவும். மலைப் புல்வெளியைப் பயனற்ற வெற்று நிலம் என்று அன்றைய திட்டக்காரர்கள் கருதினார்கள். அந்தக் கருத்து எவ்வளவு விலை கேட்டது என்பதை 2018-இல் வெளிவந்த செயற்கைக்கோள் பட ஆய்வு காட்டியது: நாற்பது ஆண்டுகளில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. மரத் தோட்டங்களும் விவசாயமும் அந்த இடத்தைப் பிடித்தன. வெட்டினாலும் வாட்டில் விடுவதில்லை. மண்ணுக்குள் உறங்கும் விதைகள் திரும்பத் திரும்ப முளைக்கின்றன. சமவெளி ஆலையின் தேவை மலையுச்சிப் புல்லை எப்படித் தின்றது என்பது தனி அத்தியாயத்துக்கான விஷயம். இங்கே சொல்ல வேண்டியது ஒன்றுதான்: ஒரு செருப்பின் தடத்தைப் பின்தொடர்ந்தால் அது ஆலையின் மதில் சுவரோடு முடிவதில்லை.

குரோமியப் பதனிடலை மெட்ராஸில் 1903 வாக்கிலேயே ஆல்ஃபிரட் சாட்டர்ட்டன் சோதித்துப் பார்த்தார். ஆனால் அது பரவலாகக் கோலோச்சியது 1970-களுக்குப் பிறகு. அதற்குக் காரணம் ஆலை முதலாளிகளின் ஆசை மட்டும் என்று நினைத்தால் தவறு. சீதாராமய்யா குழுவின் பரிந்துரையின்பேரில், 1973 முதல் மத்திய அரசு பச்சைத் தோல், பாதி பதனிட்ட தோல் ஆகியவற்றின் ஏற்றுமதிக்கு வரம்பு விதித்து, முழுதாக முடித்த தோலையும் காலணியையும் ஊக்குவித்தது. அன்னியச் செலாவணிக்குத் தவித்த நாட்டுக்கு அது நல்ல யோசனைதான். மூலப்பொருளை விற்றுவிட்டு முடித்த பொருளை விலைக்கு வாங்கும் காலனி வழக்கத்தை மாற்றியது. பல்லாயிரம் பேருக்கு வேலை தந்தது. அதே சமயத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கூலியும் கழிவு விதிகளும் ஏறிக்கொண்டிருந்தன. வாரக்கணக்கில் ஆகும் பட்டைப் பதனிடல் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. குரோமியத்தில் ஒரு நாளில் வேலை முடியும். உலகத் தோல் தொழிலின் ஈரமான, அழுக்கான முதல் பாதி தெற்கு நாடுகளுக்கு நகர்ந்தது. அன்று நாட்டின் முடித்த தோல் ஏற்றுமதியில் சுமார் 80 விழுக்காடு தமிழ்நாட்டினுடையது என்று 1996 தீர்ப்பு குறிப்பிடுகிறது. ஏற்றுமதி இலக்கு டெல்லியில் எழுதப்பட்டது. உப்பு திண்டுக்கல்லில் இறங்கியது. அந்த இலக்கை எழுதியவர்களில் யாரும் குடகனாற்றுப் படுகையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கேட்டதற்கு அடையாளம் இல்லை.

குடகனாறு பழனி மலைத்தொடரின் கீழ்ச்சரிவில் பிறந்து, ஆத்தூர் வழியாக வடக்கே திரும்பி, வேடசந்தூரைத் தொட்டு, கரூர் மாவட்டத்தில் அமராவதியோடு சேர்கிறது. ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இல்லை. மழைக்காலத்தில் வரும் வெள்ளம் கண்மாய்களை நிரப்பி, கண்மாய் கிணறுகளை ஊறவைக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. இப்படிப்பட்ட ஆற்றில் கழிவை நீர்க்கச் செய்ய ஓடும் தண்ணீர் இல்லை. ஆலைகள் வத்தலகுண்டு சாலையிலும் மதுரை சாலைப் பக்கமும் பொன்னிமாந்துரையை ஒட்டியும் நெருக்கமாக அமைந்தன. கழிவை ஓடையில் விட்டார்கள், அல்லது மண்ணில் குழிவெட்டித் தேக்கி வெயிலில் வற்றவிட்டார்கள். தண்ணீரில் ஒரு பகுதி ஆவியாகிப் போனது. மீதி கீழே இறங்கியது. உப்பு முழுதும் இங்கேயே தங்கியது.

பாறைக்குள் ஓடும் காலம்

திண்டுக்கல் பூமியின் அடியில் கருங்கல் வகைப் பாறைகள்: நைஸ், சார்னோகைட். மேலே சில மீட்டர் மண், அதன்கீழ் சிதைந்து உதிரும் சுக்காம்பாறை, அதற்கும் கீழே விரிசல் விட்ட கெட்டிப் பாறை. ஊரின் தண்ணீரெல்லாம் அந்தச் சுக்காம்பாறையிலும் விரிசல்களிலும்தான் தேங்குகிறது. ஆற்று மணற்படுகைபோல ஆழமும் அகலமும் கொண்ட சேமிப்பு இது கிடையாது. கொஞ்சம் உப்பே போதும், செறிவு ஏறிவிடும். விரிசல்களின் போக்கு வெளியே தெரியாது. எனவே ஆலைக்குப் பக்கத்துக் கிணறு தப்பிக்கும். ஒரு கல் தள்ளி இருக்கிற கிணறு கரிக்கும். அந்த விசித்திரத்தை வைத்தே, ஆலையால் கெடவில்லை என்று வாதிட்டவர்களும் உண்டு.

ஹைதராபாத்தின் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் குடகனாற்று மேல்படுகையைக் கணினி மாதிரியில் வடித்துப் பார்த்தார்கள். திண்டுக்கல்லைச் சுற்றி இயங்கிய சுமார் 80 ஆலைகளின் கழிவு நிலத்துக்கடியில் எப்படிப் பரவும் என்பது அவர்களின் கேள்வி. கிடைத்த விடைகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, உப்பு தானாக நாலாபக்கமும் கசிந்து பரவுவதைவிட, ஓடும் நிலத்தடி நீரோடு சேர்ந்து பயணிப்பதே அதிகம். நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடும்? பள்ளத்தை நோக்கியும், மோட்டார் இழுக்கும் பக்கமும். கோடையில் பயிரைக் காப்பாற்ற ஒரு விவசாயி கூடுதலாக இறைத்தால், அவரே உப்பைத் தன் கிணற்றை நோக்கி அழைத்துக்கொள்ளக்கூடும். இரண்டாவது விடை இன்னும் கடுமையானது. கழிவின் அளவை அன்றிருந்ததில் பாதியாகக் குறைத்தாலும், 20 ஆண்டு கழிந்த பிறகும் நிலத்தடி நீரின் உப்பு பாதிக்குக் கீழே இறங்காது.

20 ஆண்டு என்பது ஒரு தலைமுறை. கிணறு கெட்டபோது பள்ளியில் படித்த பிள்ளை, தண்ணீர் திரும்பத் தொடங்கும்போது தன் பிள்ளையைப் பள்ளியில் விடுகிற வயதில் இருப்பான். அதற்குள் அந்த நிலம் வீட்டுமனையாகியிருக்கும், அல்லது சீமைக்கருவேலம் மண்டியிருக்கும். ஆலையின் கணக்கு ஆண்டுக்கு ஒருமுறை முடிகிறது; நீதிமன்றத்தின் கணக்கு வாய்தாவுக்கு வாய்தா நகர்கிறது. பாறைக்குள் போன உப்புக்கு இந்த இரண்டு நாட்காட்டியும் பொருட்டில்லை.

இந்தக் காலத்தை யார் எப்படிக் கடந்தார்கள் என்பதில்தான் ஊரின் ஏற்றத்தாழ்வு அப்பட்டமாகத் தெரிகிறது. பெரிய தோட்டக்காரர் கிணற்றுக்குள்ளேயே போர் போட்டு ஆழத்திலிருந்து இழுத்தார். அதுவும் கரித்தால் வேறிடத்தில் போட்டார். கடைசியில் நிலத்தை விற்றுவிட்டு டவுனில் வீடு கட்டினார். ஒன்றிரண்டு ஏக்கர்க்காரர் உப்பைத் தாங்கும் பயிருக்கு மாறி, விளைச்சல் குறையக் குறையக் கடனில் இறங்கினார். அந்தக் காட்டில் களையெடுத்துக் கூலி வாங்கியவர்களுக்கு வேலையே போயிற்று. நல்ல தண்ணிக்கு அடுத்த ஊர்க் கிணறுவரை குடத்தோடு நடந்தது பெண்கள். இந்த நடை எந்த இழப்பீட்டுப் படிவத்திலும் ஒரு கட்டமாக இல்லை.

திண்டுக்கல் நகரத்துக்கு ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீர் வருகிறது. வைகையின் பேரணையிலிருந்து வருகிறது. பிற்பாடு காவிரியிலிருந்தும் வருகிறது. தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்த ஊருக்கு இவை உயிர் கொடுத்த திட்டங்கள். ஆனால் தூரத்துத் தண்ணீர் குழாயில் வந்ததும், காலடியில் கெட்டுக்கிடக்கும் தண்ணீர் அவசரப் பிரச்சினையாக இல்லாமல் போனது. குரல் உயர்த்தக்கூடிய நகரத்தார் பலருக்குக் கிணறு தேவைப்படவில்லை. தேவைப்பட்டவர்களின் குரல் அவ்வளவு தூரம் கேட்கவில்லை. காவிரி நீரைக் கொண்டுவந்தவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அதோடு கடமை முடிந்ததென்று இருந்துவிட்டதே என் மனக்குறை.

வாங்குகிறவர் கேட்டால் நடக்கிறது

1989-ஆம் ஆண்டு ஜெர்மனி ஒரு தடை விதித்தது. தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போடும் பென்டாகுளோரோபீனால் என்ற வேதிப்பொருள், குறிப்பிட்ட மிகச் சிறிய அளவுக்கு மேல் இருந்தால் அந்தத் தோலோ காலணியோ நாட்டுக்குள் வர முடியாது. தமிழ்நாட்டுத் தோலுக்கு ஜெர்மனி பெரிய சந்தை. என்ன நடந்தது? மத்திய அரசு மாற்றுப் பொருளுக்கு வழி செய்தது. சென்னையின் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் சோதனையும் ஆலோசனையும் தந்தது. ஏற்றுமதியாளர்கள் ஆலைகளை நெருக்கினார்கள். ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்த ஒருவரின் காலில் படக்கூடிய நஞ்சு சில ஆண்டுகளில் ஏறக்குறைய ஒழிந்தது. சிறிய ஆலைகளும் மாறின.

அதே ஆலைகள் பக்கத்துக் கிணற்றில் உப்பை இறக்கிக்கொண்டிருந்தன. 1974-லேயே தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. 1982-இல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் வந்துவிட்டது. நோட்டீசுகள் போயின. சுத்திகரிப்பு நிலையம் கட்ட மானியமும் அவகாசமும் தரப்பட்டன. அவகாசங்கள் நீண்டுகொண்டே போயின. தொழில்நுட்பம் இல்லை, சிறு ஆலைகளுக்குச் சக்தி இல்லை என்ற சமாதானங்கள் ஜெர்மன் தடைக்கு முன்னால் செல்லுபடியாகவில்லையே! வாங்குகிறவருக்கு வேறு கடை இருக்கிறது. கிணற்றுக்காரருக்கு வேறு கிணறு இல்லை. பேரம் பேசும் பலத்தில் இருக்கும் இந்த வேறுபாடுதான், எந்த நஞ்சு முதலில் ஒழியும் என்பதை முடிவு செய்தது.

1996 தீர்ப்பில் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு மூன்று விஷயங்களை உறுதியாகச் சொன்னது. தீங்கு வரும் என்று அறிவியல் முழுதாக நிரூபிக்கும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும். தன் செயலால் தீங்கு இல்லை என்று காட்டும் பொறுப்பு தொழில் நடத்துகிறவருடையது. மாசுபடுத்தியவர் பாதிக்கப்பட்டவருக்கு ஈடு கொடுப்பதோடு, சூழலைச் சீராக்கும் செலவையும் ஏற்க வேண்டும். திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்டங்களின் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு அமையவும், இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம் அமையவும் அந்தத் தீர்ப்பே வழிவகுத்தது.

ஒரே அபராதம் என்பதில் எனக்கு உறுத்தல் உண்டு. திண்டுக்கல்லின் சிறு ஆலைகளில் பலவும் பெரிய ஏற்றுமதியாளருக்காகக் கூலிக்குப் பதனிட்டுத் தந்தவை. லாபத்தின் கொழுத்த பகுதி சங்கிலியில் மேலே இருப்பவருக்கு. உப்பும் வழக்கும் கீழே இருப்பவருக்கு. மாசுபடுத்தியவர் என்று கைகாட்டும்போது அந்தக் கை ஆலை வாசலோடு நின்றுவிடுகிறது.

இன்னொன்றையும் இங்கே பேசியாக வேண்டும். தோல் தொழிலைத் தொட்டாலே தீட்டு என்று ஒதுக்கிய சமூகம் இது. ஆலைகளில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கியவர்களும் சதை வழித்தவர்களும் தலித்துகள், ஏழை முஸ்லிம்கள். கை வெந்து, நகம் கறுத்து வேலை பார்த்தவர்கள். வாடையைப் பற்றிய புகாரில் சில நேரம் சாதி அருவருப்பும் மத வெறுப்பும் கலந்து வந்ததை மறைக்கத் தேவையில்லை. ஆலைகளை மூடு என்ற ஒற்றை முழக்கம் அந்தத் தொழிலாளரின் அடுப்பைப் பற்றிக் கேட்கவில்லை. அவர்கள் குடியிருந்ததும் அதே கரித்த கிணறுகளின் பக்கத்தில்தான் என்பதையும் கணக்கில் எடுக்கவில்லை.

இழப்பைக் கணக்கிட அமைந்த ஆணையம் வேலூர் மாவட்டத்துக்கு 2001 மார்ச்சில் அளித்த முடிவைப் பார்த்தால் இழப்பீட்டின் எல்லை புரியும். 547 ஆலைகள், பாதிக்கப்பட்ட 29,193 பேருக்கு, சுமார் 26.82 கோடி ரூபாய் தர வேண்டும் என்றது அது. வகுத்துப் பார்த்தால் சராசரியாக ஒருவருக்கு 9,200 ரூபாயைத் தொடவில்லை. அதுவும் 1998 வரையிலான இழப்புக்குத்தான். இழப்பு முக்கியமாக நிலத்தையும் விளைச்சலையும் வைத்து அளக்கப்பட்டது. நிலமே இல்லாதவருக்குப் போன வேலையை அந்த அளவுகோல் அளக்காது. பாலாற்று வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று மறுபடி தலையிட்டு, நிலுவையில் உள்ள இழப்பீட்டைத் தரவும், மாசைச் சீராக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் உத்தரவிட வேண்டியிருந்தது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டு.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்த பிறகு நிலைமை மேம்பட்டது உண்மை. அவை குரோமியத்தையும் கரிமக் கழிவையும் நன்றாகவே பிரிக்கும். ஆனால் காற்றூட்டுவதாலும் நுண்ணுயிர்களாலும் கரைந்த உப்பைத் தொட முடியாது. அதற்குச் சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கும் கலன்களும் வேண்டும். மின்சாரத்தைத் தின்னும் இயந்திரங்கள் அவை. முடிவில் தண்ணீர் திரும்பக் கிடைக்கும். பலவித அழுக்கு கலந்த உப்பு மூட்டை மூட்டையாக மிஞ்சும். யாரும் வாங்காத உப்பு. குரோமியம் படிந்த சேறும் அப்படித்தான். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டி உடைந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேரை மூழ்கடித்துக் கொன்றது. பெரும்பாலானவர்கள் வேலை தேடி மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். கழிவு ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாறும்போதும், அதன் கீழே படுத்துறங்க நேர்வது ஒரே வகை மனிதர்களுக்குத்தான்.

எனவே உப்பைச் சங்கிலியின் கடைசியில் பிடிப்பதைவிட முதலிலேயே பிடிப்பது மேல். ஊறவைப்பதற்கு முன் தோலை உதறி, அல்லது துளையிட்ட உருளையில் சுழற்றி, ஒட்டியிருக்கும் உப்பை உலர்ந்த நிலையிலேயே தட்டி எடுத்துவிட்டால் கழிவுநீரின் உப்பு கணிசமாகக் குறையும். இறைச்சிக் கூடத்துக்கு அருகிலேயே குளிரூட்டி வைத்தால் உப்பின் தேவையே குறையும். எஞ்சிய குரோமியத்தைக் காரம் சேர்த்துப் படியவைத்து, அமிலத்தில் கரைத்து மறுபடி பயன்படுத்தும் முறை பல ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. இவற்றுக்கு ஆள்கூலியும் மின்சாரமும் இடமும் செலவாகும். அந்தச் செலவைக் கூலிக்குப் பதனிடும் சிறு ஆலையின் தலையில் மட்டும் கட்டினால், அது இரவில் ஓடையைத் திறந்துவிடும் வழியைத்தான் தேடும்.

தோலில் இருக்கும் நஞ்சுக்குச் சான்றிதழ் கேட்கும் வழக்கம் 1989-லிருந்து இருக்கிறது. ஏற்றுமதியாகும் ஒவ்வொரு சரக்கோடும், அந்தத் தோல் பதனிடப்பட்ட ஆலையைச் சுற்றியுள்ள கிணறுகளின் குளோரைடு, சோடியம், குரோமியம் அளவுகளையும் வைக்கச் சொல்லலாம். கோடையில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு ஒருமுறை மாதிரி எடுக்க வேண்டும். மழைக்குப் பின் மட்டும் எடுத்தால் உப்பு நீர்த்துப்போய், கிணறு தேறிவிட்டதுபோலத் தோன்றும். மாதிரி எடுக்கும்போது கிணற்றுக்காரரும் ஊராட்சியும் உடனிருக்க வேண்டும். முடிவை ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் எழுதி வைக்க வேண்டும். சோதனைக்கும் உப்பைத் தட்டி எடுக்கும் கூலிக்கும் ஆகும் செலவைக் காலணியை விற்கும் நிறுவனம் ஏற்க வேண்டும்.